கரிக்குக் கொடுத்த இருநூறு

பட்டாபி சாருக்கு நான் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். நவம்பரில் டெல்லி முழுக்கப் புகை மூடி, கட்டட வேலையையெல்லாம் நிறுத்தி வைத்தார்களே, அப்போது வேலையில்லாமல் வாங்கியது. இரண்டு மாத வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போயிற்று.

என் மனைவி குஞ்சம்மாள் ஜனக்புரியில் அவர்கள் வீட்டில் ஏழு வருஷமாக வேலை செய்கிறாள். பாத்திரம் துலக்குவது, காய் நறுக்குவது, சந்தைக்குப் போவது எல்லாம் அவள்தான். "அவ சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்கட்டுமாப்பா?" என்று சார் கேட்டார்.

"வேணாங்க சார். வாங்குனவன் நான். ஞாயித்துக்கிழமையில வந்து வேல செஞ்சு நானே கழிச்சுடறேன்" என்றேன்.

ஒரு நாளைக்கு நானூறு என்று பேச்சு. ஐந்து ஞாயிறு போனேன். தண்ணீர்த் தொட்டி கழுவினேன், குளியலறைச் சுவர் பூசினேன், ஜன்னல் கம்பிக்கு வண்ணம் அடித்தேன். நாற்பத்தாறு வயதுக்கு மேல் ராத்திரிப் பள்ளியில் எழுத்துக் கற்றவன் நான். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்து காலண்டரில் மிச்சத் தொகையை என் கையாலேயே எழுதுவேன். ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 2250 என்று எழுதியபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஆறாவது ஞாயிறுதான் கெடுத்தது. என் வாய்தான் காரணம். மொட்டை மாடியில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது சாரின் மகள் ஷ்ரேயா காபி கொண்டுவந்தது. குருகிராமில் வேலை பார்க்கும் பெண். கட்டட சைட்டில் மதியம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டது. சும்மா ரொட்டி என்று சொல்லியிருக்கலாம். "நாங்க சுடற கத்திரிக்காய்க்கும் உருளக்கிழங்குக்கும் முன்னாடி உங்க ஓட்டலெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா" என்று விட்டேன்.

"அச்சா! அப்போ அங்கிள், நெக்ஸ்ட் சண்டே என் ஃப்ரெண்ட்ஸ் வரா. டெரஸ்ல க்ரில் பண்றீங்களா? ப்ளீஸ்!"

சாரின் மனைவி விஜயலக்ஷ்மி அம்மா உடனே குறுக்கே வந்தார். "பனீர் கினீரெல்லாம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன். காலிஃப்ளவர் இருபது ரூபாய்க்கு வீதியில கொட்டிக் கிடக்கு. முள்ளங்கி, சக்கரவள்ளி, கத்திரிக்காய், எல்லாம் மலிவு. காய் மட்டும்தான்." பிறகு என் பக்கம் திரும்பி இருநூறு ரூபாய் கொடுத்தார். "நல்ல கரியா பாத்து வாங்குங்கோ."

காய் மொத்தமும் நூற்றறுபதுக்கு முடிந்துவிட்டது. கரி இருநூறா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. நான் செய்வது சென்ட்ரிங் வேலை. காங்கிரீட் கொட்டப் பலகை அடிப்பவன். உடைந்த பலகைத் துண்டுகள் சைட்டில் மலைபோலக் கிடக்கும். யாரும் கேட்பதில்லை. வருஷக்கணக்காக அதில்தான் தீ மூட்டுகிறோம், அதில்தான் சுட்டுத் தின்கிறோம். ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டேன். இருநூறு சட்டைப் பையில் தங்கிவிட்டது. அதையே சாரிடம் கடனுக்கென்று கொடுத்தால் அரை நாள் வேலை கழியும் என்று கணக்குப் போட்டேன். அவர் பணத்தையே அவரிடம் கொடுத்து அவர் கடனை அடைக்கப் பார்த்தேன். எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

ஞாயிறு நல்ல வெயில். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே கம்பிகளை வரிசையாக வைத்துக் கட்டுக்கம்பியால் முடிந்தேன். அடுப்பு அருமையாக அமைந்தது. குஞ்சம்மாள் கீழேயிருந்து பெரிய தாம்பாளத்தில் காயைக் கொண்டுவந்தாள். கிழங்குகளை அரை வேக்காடு வேகவைத்து, கெட்டித் தயிரில் மிளகாய்த்தூள், தனியா, சீரகம், ஓமம், மாங்காய்ப் பொடி போட்டு, மசாலா வழியாமல் ஒட்ட வறுத்த கடலை மாவும், மேலே கடுகெண்ணெயும் சேர்த்துப் பிசறியிருந்தாள். இரண்டு மணி நேரம் ஊறியது. வாசனையே வயிற்றைக் கிள்ளியது.

தணல் விழுந்ததும் காயை அடுக்கினேன். சொட்டின எண்ணெயில் புகை குபுகுபுவென்று எழுந்தது. ஷ்ரேயாவின் சிநேகிதர்கள் இரண்டு பேர் போனில் படம் எடுத்தார்கள். "ஏக் தம் ஸ்மோக்கி, பையா!" என்று இந்தியில் மெச்சினான் ஒருவன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீர் வைக்க மேலே வந்த குஞ்சம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். மூக்கைச் சுளித்தாள். கிட்டே வந்து மெதுவாக, "என்னங்க இது, உங்க சட்ட நாத்தம் காய்ல அடிக்குது" என்றாள்.

"என்னா நாத்தம்? நல்லாத்தான இருக்குது."

"ஐயோ, உங்களுக்கு எப்டித் தெரியும்? கரி சாக்கு எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பையன் ஒரு காலிஃப்ளவர் துண்டைக் கடித்தான். மென்றான். நிறுத்தினான். காகிதத்தில் துப்பிவிட்டு, "அரே யார், யே தோ டீசல் டிக்கா ஹை!" என்றான். டீசல் ஊற்றிச் சுட்ட காயாம். எல்லாரும் சிரித்தார்கள். ஷ்ரேயாவும் சிரித்தது, பிறகு முகம் சிவந்து தட்டைக் கீழே வைத்தது.

அப்போதுதான் உறைத்தது. காங்கிரீட் ஒட்டாமலிருக்கப் பலகைக்குக் கழிவு இன்ஜின் ஆயில் பூசுவோம். ஊறி ஊறிப் பலகையின் உள்ளே இறங்கியிருக்கும். சைட்டில் நாங்கள் காயை முழுசாகத் தோலோடு சாம்பலில் புதைப்போம். தோலை உரித்து எறியும்போது அந்த எண்ணெயும் போய்விடும். இங்கே நறுக்கி, தயிர் தடவி, நேராகப் புகையிலே காட்டினேன். இருபத்தெட்டு வருஷம் அந்த எண்ணெயிலேயே புரண்ட மூக்கு எனக்கு எதையும் சொல்லவில்லை.

பட்டாபி சார் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். முழுங்கினார். வாயைத் துடைத்துக்கொண்டு, "காத்தவராயா, கரி எங்கேப்பா வாங்கின?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குஞ்சம்மாளும் பார்த்தாள்.

"மெட்ரோ கிட்ட ஒரு கடைங்க சார். ஏமாத்திட்டான் போல."

"எந்தக் கடை?"

"புதுசா ஒருத்தன்... தள்ளுவண்டி."

"சரி" என்றார்.

அம்மா இன்னும் சுடாத மிச்சக் காயைக் கீழே எடுத்துப்போகச் சொன்னார். குஞ்சம்மாள் சப்பாத்தி சுடும் கம்பி வலையை காஸ் அடுப்பில் வைத்து, காயை நாலு நாலாகப் போட்டு, இடுக்கியால் திருப்பித் திருப்பிச் சுட்டாள். ஓரம் கருகி, உள்ளே வெந்து, பார்க்கவே அழகாக இருந்தது. எலுமிச்சை பிழிந்து மேலே அனுப்பினாள். மேலே ஒரே கைத்தட்டல். நான் சமையலறை வாசலில் நின்றேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இருநூறு எங்க?"

நான் சட்டைப் பையைத் தொட்டேன்.

"யோவ், ஏழு வருஷம்யா" என்றாள். காஸை அணைத்தாள்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். "இன்னிக்கி சந்தைக்குப் போயிட்டு வந்தனா, அம்மா பாக்கிக் காசக் கையில வாங்கி எண்ணிப் பாத்தாங்க. ஒவ்வொரு காயும் என்னா வெலன்னு கேட்டாங்க. இத்தன நாள்ல ஒரு நாளும் கேட்டதில்ல."

அன்று ராத்திரி அந்த நோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

ஞாயிறு காலை போனேன். சார் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருநூறு ரூபாயை முக்காலி மேல் வைத்தேன். மடிப்பு கலையாத நோட்டு.

"சார், கரி வாங்கல. சென்ட்ரிங் பலகய எரிச்சேன். வண்டிக்காரன் யாரும் இல்ல. இதுல குஞ்சம்மாளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

சார் பேப்பரை மடித்தார். "முப்பது வருஷம் கட்டட மேற்பார்வை பாத்துட்டு ரிடயர் ஆனவன்ப்பா நான். வாயில வெச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சார் கடை எதுன்னு..."

"நீயே சொல்லுவேன்னு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேனே."

கீழே தெருவில் காய் வண்டிக்காரன் காலிஃப்ளவர் என்று கத்திக்கொண்டு போனான்.

"விஜயா, குஞ்சம்மாள் மேல ஒண்ணும் இல்ல, கேட்டியா?" என்று சார் உள்ளே பார்த்துச் சொன்னார். அம்மா கதவோரம்தான் நின்றிருந்தார். "கேட்டேன். அவகிட்ட நானே பேசிக்கறேன்" என்றார்.

"சார், இன்னிக்கி என்னா வேல?" என்று கேட்டேன்.

"ஒரு வேலையும் இல்லப்பா. மிச்சம் எவ்வளவு?"

"ஆயிரத்து எண்ணூத்தம்பது."

"விட்டுடு. கழிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கோ."

"வேணாங்க சார். வேல செஞ்சே..."

"வேண்டாம் காத்தவராயா." குரல் உயரவில்லை. "இனிமே ஞாயித்துக்கிழமை நீ வர வேண்டாம்."

கடனைத் தள்ளுபடி செய்தால் ஆள் சந்தோஷப்படுவான் என்பார்கள். நான் வெறும் கையோடு படி இறங்கினேன். குளியலறை பூசியது, தொட்டி கழுவியது, எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தை தின்றுவிட்டது.

வீட்டில் குஞ்சம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "என்னா சொன்னாரு?"

"உன்மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. கடன் கழிஞ்சதுன்னாரு. ஞாயித்துக்கிழம வர வேணாமாம்."

அவள் தண்ணீரை வடித்தாள். நான் காலண்டர் முன்னால் நின்றேன். போன ஞாயிற்றுக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அதைத் தாண்டி, இன்றைய கட்டத்தில் ஒரு சைபர் போட்டேன்.

"சட்டயக் கழட்டி வெளிய போடுங்க" என்றாள் குஞ்சம்மாள். "நாத்தம் அடிக்குது."

கழற்றினேன். முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.