அன்னாசிக்காட்டுத் தண்டவாளம்

கண்காட்சி திறக்க இருபது நிமிடம் இருக்கும்போதுதான் ஜெரால்டின் அந்த மேட்டைப் பார்த்தாள். ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மூன்றாம் மாடி மண்டபம். ஆறு பலகைகளை மேசைமேல் வட்டமாகச் சேர்த்துப் போட்ட பொம்மை ரயில் பாதை. அதில் அவளுடைய எட்டடிப் பலகையின் நடுவே தண்டவாளம் ஓர் அரிசிமணி உயரத்துக்கு எழும்பி நின்றது.

தம்போயில் ஒரு கடைவீட்டில் இயங்கும் இந்தப் பொம்மை ரயில் சங்கத்துக்கு நான்கு வருடமாக மரமும் புல்லும் ஒட்டிக் கொடுத்தவள் அவள். தண்டவாளத்தில் கைவைக்கத் தலைவர் சுகுமாறன் விட்டதே இல்லை. "நீங்க சீனரி பாருங்க, டிராக் நாங்க பார்த்துக்கிறோம் லா" என்பார், ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல. தொழிற்சாலையில் தினமும் மின்சுற்றுப் பலகைகளைப் பழுது பார்க்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? சண்டை போட்டுத்தான் இந்த வருடம் ஒரு பலகை வாங்கினாள். இதுவும் சொதப்பினால் ஆயுசுக்கும் புல்தான்.

சுகுமாறனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளியே இருக்கக்கூடாது. முட்ட வைத்து ஈயத்தால் ஒட்டிவிட வேண்டும். ரயில் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டுமாம். அவளும் மறுபேச்சில்லாமல் அப்படியே செய்தாள், அதுவும் அடைமழைக் காலத்தில், ஏர்கோன் இல்லாத கடைவீட்டில், ஈரம் குடித்து ஊதியிருந்த பலகைமேல். நேற்று அதைக் கொண்டுவந்து இந்த மண்டபத்து ஏர்கோன் குளிரில் வைத்தார்கள். பலகை காய்ந்து சுருங்கிவிட்டது. நகர இடமில்லாத தண்டவாளம் மேலே எழும்பிவிட்டது.

சங்கத்து ஷான் சின்ன இஞ்சின் ஒன்றை மெதுவாக ஓட்டிப் பார்த்தான். அது மேட்டில் ஏறி இறங்கிப் போய்விட்டது. "ஓகே, கிளியர்!" என்றான். மேட்டை யாரும் கவனிக்கவில்லை.

சுகுமாறன் பெட்டியைத் திறந்தார். இரண்டு வருடம் உட்கார்ந்து தானே கோத்த நீள இஞ்சினை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார். அது வேகமாக ஓடுவது. தடம் புரண்டால் நாலடி கீழே சிமெந்துத் தரை. வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவேளை அதுவும் தாண்டிவிடலாம். திறந்தாலோ பலகையைக் கழற்றிவிடுவார்கள். ஜெரால்டின் கையை நீட்டித் தடுத்தாள்.

"சுகு, ஓட்டாதீங்க! என் போர்ட்ல டிராக் எழும்பிருச்சு."

"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சுகுமாறன். "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். ஷான், ஸ்பேர் போர்ட எடு."

"எடுக்காதீங்க ஷான். சுகு, நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன், கேப்பே விடாம. தப்பு அங்கதான் இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க. சரியாவலன்னா நானே கழட்டித் தரேன்."

எல்லார் எதிரிலும் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. சுகுமாறனின் முகம் சிவந்தது. "பத்துதான்" என்றார்.

பாதையின் இருபுறமும் அன்னாசிக்காடு. பச்சை நைலான் கயிற்றை நறுக்கி ஒவ்வொன்றாக ஒட்டிய அறுநூறு செடிகள். ரம்பத்துக்கு இடம் வேண்டி அதில் இரண்டு வரிசையைப் பிடுங்கி எறிந்தபோது அவளுக்கு அழுகையே வந்தது. மெல்லிய ரம்பத்தை இணைப்பில் வைத்தாள். அறுக்க அறுக்கத் தண்டவாளம் ரம்பத்தைக் கவ்வியது. கொஞ்சம் அழுத்தினாலும் தண்டவாளத்தைத் தாங்கும் அடிக்கட்டைகள் பெயர்ந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தாள். ஒரு பக்கத்துக் கம்பி அறுந்தது. பிறகு மறுபக்கமும் அறுந்தது. நகம் நுழையும் இடைவெளி வரும்வரை முனைகளை அரத்தால் தேய்த்து அழுத்தினாள். தண்டவாளம் படிந்து உட்கார்ந்தது.

சுகுமாறன் வந்து விரலால் தடவிப் பார்த்தார். அடுத்திருந்த தன் பலகைக்குப் போய், குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தை நீளவாக்கில் பார்த்தார். மெல்ல விரலை ஓட்டினார். அதிலிருந்த குட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. வெளியே கதவருகே பிள்ளைகளின் கூச்சல் கேட்கத் தொடங்கியிருந்தது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஜெரால்டின், இங்கயும் எழும்புது" என்றார் தணிந்த குரலில். "நீங்களே அறுத்துடுங்க."

"எங்க அறுக்கணும்னு நான்தான் சொல்லுவேன்" என்றாள் ஜெரால்டின்.

அவர் தலையாட்டிவிட்டு, அவள் நிற்க இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.