நாலரை ஜிகாஹெர்ட்ஸ்

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே புகார்தான்: கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது. பத்தொன்பது வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போதாததற்கு அக்கா வீட்டுக்காரர் வேறு. ஒரே மாதத்தில் மூன்றாவது முறை.

அத்தான் ஒரு கட்டட நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுப்பவர். ஏற்கெனவே இரண்டு படங்கள் தாமதம். மூன்றாவதும் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். பழி யார்மேல்? பாவம், ப்ராசஸர்மேல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அக்காவிடம் கிண்டல்கூடச் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் முறை, மூன்று புள்ளி ஆறு ஜிகாஹெர்ட்ஸில் ஓடியதை நான்குக்கு ஏற்றினேன். ப்ராசஸர் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்குதான் அது. கூட்டினால் வேகமும் கூடும், சூடும் கூடும். இரண்டாம் முறை வோல்டேஜைக் கொஞ்சம் தூக்கி, பெரிய ஃபேன் மாட்டி, நான்கு புள்ளி மூன்று. மறுபடியும் போன். இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழன் மதியம் சாப்பிடாமல்கூடக் கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். நாலரைக்கு ஏற்றினேன். இதற்குமேல் ஏற்றினால் புகைதான் வரும், இப்போது வேலை செய்யுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சிடுசிடுத்தேன்.

அவர் வேலை செய்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. மெதுவாக இருக்கிறது என்றால் வேகத்தை ஏற்று என்றே பழகிப்போன கை. ப்ராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் கிராஃபைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்தேன். தொழிலுக்கு நேற்று வந்த கத்துக்குட்டிகூட அதைத்தான் முதலில் பார்ப்பான்.

நான்கு சதவீதம். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

அத்தான் ஒரு சுவரின் முனையைத் தொட முயன்றார். அம்புக்குறி தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் தாண்டியது. மௌஸைப் பிடித்த வலது கை நடுங்கியது. இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு கோட்டுக்கு நான்கு நிமிடம். மெஷின்தான் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

இந்த மனிதர்மேலா ஒரு மாதமாக எரிந்து விழுந்தேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம் அத்தான் என்று உளறினேன்.

அவர் மௌஸை விட்டார்.

"வேண்டாம் மாப்ள. அந்த கிராஃபைப் பாக்க எனக்கும் தெரியும்," என்றார். "ஆறு மாசமா இப்படித்தான். மெஷின் கோளாறுன்னு உங்க அக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீ வந்து வந்து போறதாலதான் அவ நம்பறா."

ஆக, மூன்று முறையும் நான் ஒரு பொய்க்குச் சாட்சியாகத்தான் வந்து போயிருக்கிறேன். எனக்கு அலுத்துப்போனது.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, இந்தத் தடவையாவது சரியாகிவிட்டதா என்று கேட்டாள். அத்தான் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளிக்கிழமை வரை ஓடும். அதற்கப்புறம்?

"மெஷின்ல ஒண்ணுமே இல்லக்கா," என்றேன். "நீ இங்க வந்து அத்தான் கையைப் பிடிச்சுப் பாரு."