சகாயமேரி மனையில் விழுந்த மஞ்சள்

தமிழ்வேந்தனின் உடம்பு, அவன் நிற்கும் மண்ணுக்குரிய வரைபட நிறத்துக்கு மாறத் தொடங்கியது பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. உப்பளக் களிமண்ணில் நின்றால் சாம்பல், மணலில் மஞ்சள், பிரம்மதேசம் பக்கத்துப் பாறை நிலத்தில் ஊதா. அன்று மரக்காணத்தில் வெயில் நன்றாக அடித்தது. உப்பும் நன்றாக விளைந்தது.

இரண்டு மாதம் முன்புதான், பஸ் ஸ்டாண்டு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அவன், மண்ணியல் வரைபடம் ஒன்றை இறக்கி, திரையில் சுழலும் பூமி உருண்டையின் மேல் கண்ணாடிக் காகிதம் போல விரித்தான். ஊர் வண்ணம் பூசிக்கொண்டது. ஓரம் பொருந்துவதற்காக, வரைபடத்தில் குறித்திருந்த சுண்ணாம்படித்த சர்வே கல்லைச் செயற்கைக்கோள் படத்தில் தேடினான். உப்பளத்து நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. அதில் பொருத்தினான். அது உப்புக் குவியல். லாரி வந்தால் குவியல் போய்விடும், அடுத்தது வேறு வரப்பில் ஏறும். அங்கே கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இவன் அப்பா முப்பது வருஷம் உப்பு வாரியவர்.

வரைபடம் இருநூறு அடி நகர்ந்து உட்கார்ந்தது. நல்ல தண்ணீர் கிடைக்கும் மணலைக் காட்டும் மஞ்சள் பட்டை, உப்பளத்தில் வேலை செய்யும் சகாயமேரியின் மனை மேல் விழுந்தது. நாளெல்லாம் உப்புநீரில் நின்று வெடித்த காலை வீட்டு வாசலிலேயே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. தமிழ்வேந்தன் திரையில் காட்டிய மஞ்சளை நம்பிக் கறவை மாட்டை விற்று, போர்வெல் போடும் ராஜவேலைக் கூட்டி வந்தாள். எண்பது அடியில் வந்த தண்ணீர் உப்பளத்துத் தண்ணீரைவிடக் கரித்தது.

"மேப்பு கரெக்டுக்கா. ராஜவேலண்ணன்தான் போரைச் சாய்ச்சுப் போட்டுட்டாரு," என்றான் தமிழ்வேந்தன், அவள் வாசலில் நின்று. அதற்குள் இடம் மாறியிருந்த குவியலை அவன் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். சொல்லி முடித்தபோது மணி பத்தே முக்கால். முகம் களிமண் சாம்பலானது.

ராஜவேலை அதன்பின் யாரும் போர் போடக் கூப்பிடவில்லை. தமிழ்வேந்தன் பதினோரு நாள் முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டு நடமாடினான். பன்னிரண்டாம் நாள் துணி காயப்போடத் தன் வீட்டுப் பின்பக்கம் போனவன் எலுமிச்சம்பழம் போல மஞ்சளானான். நேராகச் சகாயமேரியிடம் போய்க் குவியல் விஷயத்தைச் சொன்னான்.

"ஏம்பா, உப்புக் குவியலையா கல்லுன்னு நெனச்ச? உங்கப்பன் கேட்டா தூக்குல தொங்கிடுவாரு!" என்றவள், கொஞ்சம் யோசித்து, "அப்போ என் தண்ணி உன் வீட்டாண்டயா கீது?" என்றாள்.

தெரு முழுக்கப் பார்க்க, தமிழ்வேந்தன் சட்டையில்லாமல் தன் வீட்டுப் பின்பக்கத்தில் நின்றான். "அசையாதடா டேய்," என்று சொல்லி ராஜவேல் அவன் காலடியிலேயே குழாயை இறக்கினார். முப்பத்தைந்து அடியில் நல்ல தண்ணீர். அங்கிருந்து சகாயமேரி வாசல் வரை தமிழ்வேந்தனே பள்ளம் வெட்டிக் குழாய் பதித்தான். முதல் குடத்தை அவள் தன் காலில் ஊற்றிக்கொண்டாள். இரண்டாவதை அவன் மேல் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள்.

"கலர் போவலையே?"

"போவாதுக்கா."

"இருக்கட்டும் விடு. ஊருக்கு ஆவும்."

இப்போது யார் போர் போட்டாலும் ராஜவேல் முதலில் அவனைக் கூட்டிப்போய் மனையில் நடக்கவிடுகிறார். ஆதார் போட்டோவில் சாம்பலாக இருக்கிறான், யாரும் கேட்பதில்லை. உப்புக் குவியல் பேச்சு வந்தால் மட்டும், எந்த மண்ணில் நின்றாலும், அவன் காதுமடல் சிவக்கிறது. அந்தச் சிவப்பு வரைபடத்தில் இல்லை.