சொல்லிவிட்டுப் போன பாப்பா

சேரப்பணஞ்சேரி பெண்கள் விடுதியின் வாசலில், சீருடையோடு பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். அவர்களோடு நிற்க வேண்டிய வேல்விழி உள்ளே, கட்டிவைத்த பையருகே உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறைய மந்திரித்த திருநீறு.

"இன்னா மேடம் பண்றது? திடீர்னு கொழந்தை மாதிரி அழுவுது. அப்பால கேட்டா ஒண்ணும் தெரியலன்னுது. காத்து கருப்பு எதுவோ கீது. அதோட சித்தப்பாவுக்குப் போன் போட்டுட்டேன். கூட்டிகினு போவ வர்றாரு," என்றார் வார்டன் சந்திரம்மாள்.

வேல்விழியைப் பார்க்க வந்திருந்த மனநல ஆலோசகர் சாரதாவுக்கு உண்மை தெரியும். சிறுவயதில் அந்தச் சித்தப்பா செய்த கொடுமையைத் தாங்க முடியாமல்தான் வேல்விழியின் மனம் பல ஆட்களாகப் பிரிந்துபோயிருந்தது. அதில் ஒருத்தி, வளராமலே நின்றுவிட்ட 'பாப்பா'. அவள் வந்துபோவது வேல்விழிக்கு நினைவிருக்காது. இதையெல்லாம் வெளியில் சொல்ல சாரதாவுக்கு உரிமையில்லை.

"அவளக் கேக்காம அனுப்பாதீங்கம்மா," என்று மட்டும் சொன்னாள்.

அதற்குள் வேல்விழி சுவரோரம் சுருண்டுவிட்டாள். "கதவச் சாத்திருவாரு... நான் போமாட்டேன்..." மழலைக் குரல்.

"பாரு மேடம், வந்துடுச்சு!" வார்டன் எலுமிச்சம்பழத்தைத் தேடினார்.

சாரதா கையமர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பேசாமல் காத்திருப்பதுதான் அவள் வேலையில் பாதி.

"ஷிப்ட் மாறும்போது முந்தின ஆளு மிஷின் நெலமையச் சொல்லாமப் போனா, நாங்க அதுல கை வைக்க மாட்டோம் மேடம். எனக்குள்ள மட்டும் ஏன் யாருமே சொல்லாமப் போறாவ?" என்று முன்பொருநாள் கேட்டவள் வேல்விழிதான். உள்ளே வந்துபோகிறவள் வேல்விழியிடம் சொல்லிவிட்டுப் போவது: அன்றுமுதல் இருவரும் பழகிவந்தது அதைத்தான். இதுவரை கைகூடியதில்லை.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. வேல்விழியின் உதடு மெல்ல அசைந்தது.

"சரி பாப்பா. சொல்லிட்டேல்லா, நீ ஒறங்கு. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் நிமிர்ந்தாள். சொந்தக் குரல். "வார்டன்க்கா, சின்னதுல என்னையச் சீரழிச்சதே எங்க சித்தப்பாதான். நான் போவ மாட்டேன். போன் போட்டு வரக்கூடாதுன்னு சொல்லுங்க."

சந்திரம்மாள் உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "யோவ், இந்தப் பக்கம் கால வெச்சே, போலீஸாண்ட புடிச்சுக் குடுத்துடுவேன்!"

வேல்விழி திருநீற்றைக் கழுவிவிட்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள். "வழிவிடுங்கட்டி, பேய் வருது!" பஸ்ஸே சிரித்தது.

பாப்பா இனியும் வருவாள். ஆனால் சொல்லிவிட்டுப் போவாள். எந்தப் பட்டமும் தராத பெருமிதத்தோடு சாரதா பஸ்ஸைப் பார்த்து நின்றாள்.

"வைத்தியம் பாக்க வேண்டிய பொண்ணுக்கு மந்திரிச்சிகினு இருந்தேனே மேடம்," என்றார் சந்திரம்மாள். "கொழந்தைய நாசம் பண்ணவன ஒறவுன்னு வூட்டுக்குள்ள வெச்சிக்கிறோம். அதத் தாங்கிகினு நிக்கிறவளப் பேய்ன்றோம். தொரத்த வேண்டியது யார?"