வாலுவின் தாடை

எங்கள் மகள் செத்துப்போன அடுத்த வருஷம், அவள் பெயரை ஒரு தாடைக்கு வைத்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே நீளமான கீழ்த்தாடை. கல்லுக்குள் பல கோடி வருஷம் கிடந்த ஒரு பூச்சிதின்னியுடையது. பாலூட்டிகள் எப்படி உருவாயின என்று கல்லைக் குடைந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. புது இனத்தைக் கண்டவருக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு, வைத்தேன். "பெத்த பிள்ளை பேரைப் போய் யாராவது எலிக்கு வைப்பாங்களா?" என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். அது எலி இல்லை என்று விளக்க அன்றைக்கும் எனக்குப் பொறுமை இல்லை, இன்றைக்கும் இல்லை.

வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடப் பெயரை அவள் போன பிறகு நாங்கள் வாயால் சொன்னதில்லை. என் தொழிலில் இருப்பவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கருத்தரங்குகளில் முன்பின் தெரியாத யாரோ மேடையேறி, அவள் பெயரைச் சொல்லி, எடை நாற்பது கிராம், மரத்தில் வாழ்ந்திருக்கலாம் என்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒருவர், இருட்டில் தனியாகத் திரிந்திருக்கும் என்றார். எங்கள் வாலு விளக்கை அணைத்தாலே அலறுவாள். எழுந்து போய் அந்த ஆளை ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது.

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் இடத்தைக் காலி பண்ணுகிற ஆள் நான். ஆனாலும் அருங்காட்சியகத்தில் அந்தத் தாடை இருக்கும் இழுப்பறையைத் திறக்குமுன் விரலால் ஒருதரம் தட்டுவேன். உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருப்பது போலவே இருக்கும். பயமும் உண்டு, ஆசையும் உண்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர் கதவைத் திறந்ததும் கேட்பார்.

"இன்னிக்குப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா."

அவளைப் பற்றி எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

போன வாரம் அந்தத் தாடையை முதல்முறையாக ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேன் அறையைப் பார்த்துக்கொள்கிற பெண், "மேடம், கொஞ்சம் இங்க வாங்களேன்" என்றாள். கடைவாய்ப்பல் என்று நான் அளந்து எழுதியிருந்த பல்லுக்கு அடியில், எலும்புக்குள், இன்னொரு பல் இருந்தது.

பாலூட்டிகளுக்குப் பல் ஒரே ஒரு தடவைதான் விழுந்து முளைக்கும். கடைவாய்ப்பல் அப்படி முளைப்பதில்லை, அடியில் இன்னொன்று இருந்தால் மேலே இருப்பது பால்பல். பால்பற்களில் கடைசியாக இருப்பது கடைவாய்ப்பல் போலவே வேஷம் போடும். என் தொழிலில் பெரிய பெரிய ஆட்களே அதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். நான் மட்டும் என்ன விதிவிலக்கா? அந்தப் பால்பல்லைக் கடைவாய்ப்பல் என்று நம்பித்தான் புது இனம் என்று எழுதியிருந்தேன். உள்ளே இருந்த பல்லைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்கு முன்பே இன்னொருவர் பெயர் வைத்துவிட்ட பிராணியின் பல் அது. இரண்டும் ஒரே இனம் என்றால் முந்தி வைத்த பெயர்தான் நிற்கும், அவள் பெயர் செல்லாது.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் மேடம்" என்றாள் அந்தப் பெண். நல்ல மனசுதான், ஆனால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பார்த்துட்டு, பார்க்காத மாதிரி எப்படிம்மா இருக்கறது?" என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போலக் கேட்டபோது, இருக்கா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சமையலறை மேஜை முன் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், திருத்தி ஒரு கட்டுரை எழுதப்போவதையும்.

"எழுதாதே" என்றார்.

"நான் எழுதாட்டி நாளைக்கு வேற யாராவது எழுதுவாங்க."

"எழுதட்டும். அந்த ஒரு இடத்துலதான் அவ பேரை இன்னும் நாலு பேர் சொல்றாங்க. அதையும் பெத்தவ நீயேவா அழிப்பே?"

லேப்டாப்பில் ஸ்கேன் படத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். அவரோடு மல்லுக்கட்டுவதற்காக இல்லை, அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மேல இருக்கறதுதான் பால்பல்லா?"

"ஆமா."

"கீழ இருக்கறது?"

"அடுத்து முளைக்க வேண்டியது. அதுக்குள்ள செத்துப்போச்சு."

"அப்போ இது குட்டியா?"

இத்தனை வருஷம் வளர்ந்த பிராணி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனைப் பார்த்த பிறகும் பெயர் போச்சே என்றுதான் அடித்துக்கொண்டது மனசு. இது எனக்கு உறைக்கவே இல்லை.

"குட்டிதான்."

"நம்ம கணக்குல எத்தனை வயசு இருக்கும்?"

"ஆறு, ஏழு."

"வாலு வயசு."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"சரி, எழுது" என்றார். "ஆனா குட்டின்னு எழுது. பெரிசுன்னே எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க."

அங்கேயே எழுத உட்கார்ந்தேன். அவர் எழுந்து போகவில்லை.

"அதோட அம்மா பக்கத்துல இருந்திருக்குமா?"

"எலும்பை வச்சு அதைச் சொல்ல முடியாதுங்க."

"நாம இருந்தோம்" என்றார்.

இருந்தோம். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். இருந்து என்ன செய்ய முடிந்தது? முதல் வரியில் அவள் பெயரை முழுதாக எழுதினேன். அது இனிச் செல்லாது என்று, அதே வரியில், என் கையாலேயே எழுதினேன்.