கடைசியாக இறங்குகிறவர்

ஊரின் பல மாடிப் பெரிய கடை இடிக்கப்பட்ட வாரத்திலிருந்து, அதன் லிஃப்ட்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அறைகள் எல்லாம் மேலே போகத் தொடங்கின. நாற்காலியிலோ கட்டிலிலோ அமர்ந்தால் ஒன்றும் ஆவதில்லை. சாய்மானம் இல்லாத ஸ்டூலாக இருக்க வேண்டும். அவருடைய வலது கை தன்னையறியாமல் பக்கவாட்டில் நீண்டு, அங்கே இல்லாத ஒரு பித்தளைக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அவ்வளவு போதும். அறைக்கதவு சாத்திக்கொள்ளும், தரை லேசாகக் குலுங்கும், அடிவயிற்றில் ஏதோ நழுவும். கதவு மறுபடி திறக்கையில் வெளியே பெரிய கடையின் ஏதாவது ஒரு மாடி இருக்கும். தெருவிலிருந்து பார்த்தவர்களுக்கு வீடு இருந்த இடத்திலேயே இருந்தது என்பதால் அக்கம்பக்கத்தில் புகார் எதுவும் எழவில்லை.

முதல் தடவை அது சமையலறையில் நடந்தது. அவருடைய மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கூடம் இருக்க வேண்டிய இடத்தில் நான்காம் மாடியின் ரேடியோக்கள் வரிசையாக வீற்றிருந்து, ஆளுக்கொரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன.

"என்னங்க இது, அடுப்புல பால் இருக்கு. முதல்ல கீழ இறக்குங்க" என்றார் மனைவி. லிஃப்ட்காரர் அறையை இறக்கினார். அன்று மாலையே ஸ்டூல் பரணுக்குப் போயிற்று.

அரும்பு மீசையோடு அந்த லிஃப்ட் கூண்டுக்குள் நுழைந்தவர், மீசை முழுக்க நரைக்கும்வரை அதிலேயே ஏறி இறங்கினார். எந்த மாடி என்று அவர் யாரையும் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்தே கொண்டுபோய் விடுவார், பெரும்பாலும் தவறாது. மடக்குக் கதவை இழுத்துப் பிடித்து எல்லோரையும் இறக்கிவிடுவார். ஓட்டுகிறவர் கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்பது அந்தக் கடையின் விதி. கடை திறந்திருக்கும்வரை கடைசி என்று ஒன்று வராது என்பதால், அவர் எந்த மாடியிலும் கால் வைத்ததே இல்லை. மூன்றாம் மாடியில் நூல்கண்டு விற்ற பெண்ணை அவர் காதலித்ததுகூடக் கதவு திறந்து மூடும் இடைவெளிகளில்தான். ஒரு தடவை திறக்கையில் அவள் துணியோடு நூலை ஒட்டவைத்து நிறம் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த தடவை சிரித்துக்கொண்டிருப்பாள். எதற்குச் சிரித்தாள் என்பதைத் தரைத்தளம்வரை அவர் யோசித்துக்கொண்டே போவார். இப்படித் துண்டு துண்டாகப் பார்த்தவளைத்தான் பிறகு முழுதாகக் கல்யாணம் செய்துகொண்டார்.

கடை கைமாறியது. வாங்கியவர்கள் கட்டடத்தை இடித்தார்கள். மேலாளர் ஊழியர்களைத் தரைத்தளத்தில் நிற்கவைத்து, கைகூப்பி, நாளை முதல் யாரும் வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். வேலை இழந்தவர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஆனால் மாதம் முடிவதற்குள் அதற்கான அலுவலகத்தில் நேரில் பதிந்துகொள்ள வேண்டும், தவறினால் உரிமை போய்விடும். வாடகை கொடுக்க அந்த வீட்டில் வேறு வழி இருக்கவில்லை.

லிஃப்ட்காரர் காலையில் போவார், மாலையில் திரும்புவார், பதிவு மட்டும் நடக்காது. மனைவி கேட்டால், "கூட்டம்" என்பார். மாதத்தின் கடைசி நாளன்று மனைவியும் கூடவே கிளம்பினார். அங்கே காரணம் உடனே விளங்கிவிட்டது. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் இவர் எழுந்து நின்று, பின்னால் இருப்பவருக்குக் கையை நீட்டி, "நீங்க போங்க" என்றார். அவர் போனதும் அடுத்தவருக்கு.

"ஊரையே அனுப்பிட்டு நாம எப்ப போறது?" என்றார் மனைவி.

"எல்லாரும் இறங்கட்டும்மா."

"இறங்கறதா? இது என்ன உங்க லிஃப்டா? இன்னிக்கு அஞ்சு மணிக்கு இழுத்து மூடினா நம்ம கதை முடிஞ்சுது, தெரியும்ல?"

அவருக்கும் தெரியும். தெரிந்தும் கை நீண்டுவிடுகிறது. பிற்பகலில் கூட்டம் இன்னும் பெருகியது. அவர் நிற்பதைக் கண்டு இரக்கப்பட்ட கடைநிலை ஊழியர் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். லிஃப்ட்காரர் எவ்வளவோ மறுத்தார். "சும்மா உக்காருங்க பெரியவரே" என்று தோளைப் பிடித்து அவரை அமர்த்திவிட்டுப் போனார் ஊழியர். லிஃப்ட்காரரின் வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு திரும்பியது. அலுவலகக் கூடத்தின் கதவு சாத்திக்கொண்டது.

முதல் மாடி வந்தபோது புதுத்துணி வாசனை கூடம் முழுவதும் பரவியது. அலுப்பும் கவலையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் தலை நிமிர்த்தினார்கள். தன்னை அடக்க முடியாமல் லிஃப்ட்காரர் பழைய குரலில் அறிவித்தார்: "முதல் மாடி. பட்டு, பருத்தி, போர்வை." சிலர் எழுந்து இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் பொம்மைகள். டோக்கன் சீட்டுகளைக் கையில் பிடித்தபடியே பெரிய பெரிய ஆண்கள், சிறுவயதில் அழுதும் கிடைக்காத சாவி கொடுத்து ஓட்டும் ரயிலை நோக்கி ஓடினார்கள். மூன்றாம் மாடியை அவர் நிறுத்தாமல் கடந்தார். நான்காம் மாடியில் மீதமிருந்தவர்களும் இறங்கிவிட, கூடத்தில் மிஞ்சியது லிஃப்ட்காரர், அவருடைய மனைவி, கவுன்டருக்குப் பின்னால் கண்ணாடி அணிந்த பெண் அதிகாரி ஆகிய மூவர்தான். இறங்கிப் போனவர்கள் மாலைக்குள் படிக்கட்டு வழியாகத் திரும்பிவிட்டார்கள் என்பதையும், அவர்கள் அனைவரின் பதிவும் அன்றே முடிந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது.

முன்னால் அனுப்ப யாரும் இல்லாததால் லிஃப்ட்காரர் கவுன்டருக்குப் போனார்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஐயா, இதை ஓட்டினது நீங்கதானே?"

"உக்காந்தேன்மா. அவ்வளவுதான்."

"மாடி பேரெல்லாம் சொன்னீங்க. கதவைப் பிடிச்சீங்க. வேலை பாக்கறவங்களுக்கு உதவித்தொகை கிடையாதுங்க. என் கண்ணு முன்னாடியே வேலை பாத்திருக்கீங்க, நான் என்னன்னு எழுதறது?"

அதிகாரி சொன்னது அவருக்கு நியாயமாகத்தான் பட்டது.

மனைவி முன்னால் வந்தார். "இது வேலைன்னா சம்பளம் குடுங்க. சம்பளம் கிடையாதுன்னா உதவித்தொகை குடுங்க. ரெண்டும் கிடையாதுன்னா, உங்க கூடத்தை இங்கேயே விட்டுட்டு நாங்க படியில இறங்கிப் போறோம்."

அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெரு நான்கு மாடிக்குக் கீழே இருந்தது. சம்பளம் இல்லாமல் ஒருவர் செய்வது வேலை ஆகாது, பழக்கமே ஆகும் என்ற முடிவுக்கு வந்து, 'வேலையில் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். அந்த அலுவலகத்தில் இன்றும் அந்த முடிவைத்தான் பின்பற்றுகிறார்கள்.

லிஃப்ட்காரர் மறுபடி ஸ்டூலில் அமர்ந்தார். இறங்கும் வழியில் கூடம் மூன்றாம் மாடியில் நின்றது. லிஃப்ட்காரர் நிறுத்தினாரா, தானாக நின்றதா என்பது தெரியவில்லை. கதவுக்கு அப்பால் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பெண், பச்சைத் துணியோடு நூலை ஒட்டவைத்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான்தானே?" என்றார் மனைவி மெதுவாக. "எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கேன் பாருங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"கதவு மூடிடும்மா, அதுக்குள்ள."

அவர் வழக்கம்போல் கதவைப் பிடித்து, மனைவி இறங்குவதற்காக ஒதுங்கி நின்றார். மனைவி அசையவில்லை.

"முதல்ல நீங்க இறங்குங்க."

"நான் எப்படி... ஓட்டறவன் கடைசியாத்தானே..."

"உங்களுக்குத்தான் வேலை இல்லையே. இந்தம்மா முத்திரையே குத்திட்டாங்க. இறங்குங்க."

லிஃப்ட்காரர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க" என்றார். லிஃப்ட்காரர் வலது காலைத் தூக்கி மூன்றாம் மாடியில் வைத்தார். அது மரத்தளம் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. சத்தம் கேட்டு, நூல்கண்டுப் பெண் தலை நிமிர்ந்தாள். இந்தத் தடவை கதவு மூடவில்லை.