வேலிக்குள் பேசக் கூடாது

சதுப்பு நிலத்தை வற்றவைத்துத் தரிசாக்கியவர்களே மனம் மாறி மறுபடி தண்ணீர் விட்டார்கள். தவளை வந்தது, மீன் வந்தது, கொசு சொந்தபந்தத்தோடு வந்தது. நாரை மட்டும் வரவில்லை. ஆகவே முட்டை பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்துவிட ஒரு காப்பகம் வைத்தார்கள். அங்கே தாய் நாரையாக வேலை பார்த்தவரை எல்லோரும் நாரைக்காரர் என்றார்கள்.

மனித முகம் பழகிய குஞ்சு மனிதனிடமே தீனி கேட்டு வரும், வெளியே பிழைக்காது. அதனால் வேலிக்குள் போகிறவர் வெள்ளை அங்கி போட்டு, முகத்தைத் துணியால் மூடி, கையில் மரத்தாலான நாரைத் தலையை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த அலகால்தான் மீன் ஊட்ட வேண்டும். பேசவே கூடாது. தும்மல் வந்தால்கூட வேலிக்கு வெளியே ஓடிவந்துதான் தும்ம வேண்டும்.

நாரைக்காரர் இந்த வேலையில் ஊறிப்போனார். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஒற்றைக் காலில் நிற்பார். ஒரு குளிர்காலத்தில் வானத்தோடு போன நாரைக் கூட்டம் வட்டமடித்து அவரையும் கூப்பிட்டது. விடுப்பு கிடைக்காததால் அவர் போகவில்லை.

மற்றக் குஞ்சுகள் பறந்து சதுப்பில் சேர்ந்துவிட்டன. மிச்சம் கடைக்குட்டி ஒன்றுதான். காலில் பலமில்லாமல் பொரிந்த அதை வைக்கோலில் கூடவே படுத்து எழுப்பி நிறுத்தியவர் அவர். ஒரு கொஞ்சல் வார்த்தைகூடச் சொன்னதில்லை. தொண்டை வரை வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டார்.

திறந்துவிடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. மிருக டாக்டர் முகமூடி இல்லாமல் வேலிக்குள் நடப்பார். பறவை மிரண்டு ஓடினால் விடுதலை. கிட்ட வந்தால் ஆயுசுக்கும் கூண்டு.

கடைக்குட்டி ஓடவில்லை. நேரே டாக்டரிடம் நடந்து வந்து, அவர் சட்டைப் பையில் அலகை விட்டுத் துழாவியது.

டாக்டர் வெளியே வந்து, “சட்டைப் பையில தீனி இருக்கும்னு யார் இதுக்குச் சொல்லிக் குடுத்தது?” என்றார்.

நாரைக்காரர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, தன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். அவனுக்குக் காப்பகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நாரைக்காரர்தான், வீட்டில் இடம் கொடுத்ததும் அவர்தான்.

“ரெண்டு பிஸ்கட்டுதான் மாமா. பாவம், ஏங்கிப் போய்ப் பாத்துச்சு.”

“முகமூடி போட்டிருந்தியாடா?”

“அதைப் போட்டா போன்ல வீடியோ நல்லா வரல.”

“வீடியோவா? யாருக்கு?”

“வீட்டுக்குத்தான். அக்காகூட விழுந்து விழுந்து சிரிச்சுச்சே. தினம் சாப்பாட்டுக்கப்புறம் பாப்போம், நீங்க தூங்கினதும்.”

நாரைக்காரர் நினைத்துப் பார்த்தார். தன் வீட்டில், தான் குறட்டை விடும் அறைக்கு அடுத்த அறையில், தினமும் சிரித்திருக்கிறார்கள்.

டாக்டர் நல்லவர். “நாளைக்குக் காலைல இன்னொரு தடவை பாக்கறேன். அப்பவும் வந்தா கூண்டுதான்,” என்று சொல்லிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் நாரைக்காரர் அங்கியோடு உள்ளே போனார். கடைக்குட்டி ஓடிவந்து, வழக்கம்போல் கழுத்தை அங்கியின் மடிப்புக்குள் நுழைத்தது. அது நிமிரும்வரை அவர் காத்திருந்தார். பிறகு மரத்தலையைக் கழற்றி வீசினார். முகத்துணியை உருவினார். உள்ளேயிருந்து மீசையோடு ஒரு மனிதன் வெளியே வந்தான்.

கடைக்குட்டி அசையவில்லை. தலையைச் சாய்த்து, கீழே கிடந்த அம்மாவின் தலையைப் பார்த்தது; அவரைப் பார்த்தது.

‘போ’ என்று ஒரு சொல் கத்தத்தான் நினைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

“நன்றி கெட்ட ஜென்மமே! என் வீட்டுலயே தின்னுட்டு எனக்கே குழி பறிச்சியா? கூடவே இருந்து சிரிச்சியா? உன்னை நம்பினேனே! என் கண்ணு முன்னாடி நிக்காதே, போ!”

மரத்தலையையே எடுத்து ஓங்கிக்கொண்டு விரட்டினார். அந்தக் குரலில் சதுப்பிலிருந்த தவளைகள் அடுத்த மழை வரை வாயைத் திறக்கவில்லை. கடைக்குட்டி அலறி, தடுமாறி, எழும்பி, வேலியைத் தாண்டி நடுத்தண்ணீரில் போய் இறங்கியது.

பிறகு வந்த டாக்டர் கரையில் பத்தடிகூட வைக்கவில்லை. அவர் தலையைக் கண்டதுமே அது மறுகரைக்குப் பறந்துவிட்டது.

“சோதனையில பாஸ்,” என்றார் டாக்டர். “இனிமே மனுஷங்களை இது ஜென்மத்துக்கும் நம்பாது.”

மச்சினன் வேலிக்கு வெளியே நின்றிருந்தான். “மாமா, நீங்க திட்டினதெல்லாம் அதையா, என்னையா?”

நாரைக்காரர் முகத்துணியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேலிக்குள் பேசக் கூடாது. மறுகரையைப் பார்த்தபடி அவர் நெடுநேரம் வேலிக்குள்ளேயே நின்றார், இரண்டு காலிலும்.